முப்பத்தாறு

பல் மருத்துவர்கள் கணக்கில் அதன் எண் முப்பத்தாறு.
இடது, கீழ், கடைவாய்.
டாக்டர் ஷ்கெர்க் படத்தை விளக்கொளியில் பிடித்து
"அழகான பல்" என்றார்.
வேர் அழகு, எலும்பு அழகு, ஈறு அழகு.
நெரீனா, உங்களுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லை
ராத்திரி இரண்டரைக்கு எழுந்து உட்காரும்.
முதலில் ஒரு சூடு. பிறகு யாரோ
மெல்லிய கம்பியைத் தாடைக்குள் செலுத்திக்
காதுவரை இழுத்துக் கட்டுவார்கள்.
திரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கும்போது
படகுகளின் கயிறுகள் இப்படித்தான் முறுகும்.
அன்று காற்றே இல்லை.

வேர்ச் சிகிச்சை செய்தார்கள். வலித்தது.
மார்ச்சில் பிடுங்கினார்கள். கெஞ்சிக் கேட்டது நான்தான்.
பல் போனது. வலி அங்கேயே இருக்கிறது,
இடித்த வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரன் போல.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்கிறாள் அக்கா.
எந்தப் பல்லை?

கிராம்புத் தைலம், ஐஸ், உப்புத்தண்ணீர்,
மாடிவீட்டு பிரூனா கொடுத்த கிராப்பா
(அது மட்டும் கொஞ்சம் வேலை செய்தது, வலியிடம் அல்ல).
உதினேயில் நரம்பு மருத்துவர் ஒரு பெயர் சொன்னார்.
நீளமான கிரேக்கப் பெயர். அர்த்தம் கேட்டேன்.
"காரணம் தெரியவில்லை என்று அர்த்தம்."
பத்துக்கு எவ்வளவு வலி என்றார்.
ஏழு என்றேன். எட்டு சொன்னால் நாடகம் என்பார்கள்,
ஆறு சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

துறைமுகக் கிடங்கில் காப்பி ருசிப்பது என் வேலை.
நாளைக்கு நூற்றிருபது கிண்ணம்.
கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, துப்பி,
அடுத்தது.
இருபத்தாறு வருஷமாக
"இதில் ஈரச்சாக்கு வாடை" என்று நான் சொன்னால்
முந்நூறு மூட்டை திரும்பிப் போகும்.
படம் எடு, நிரூபி என்று ஒருவரும் கேட்டதில்லை.
அதே வாய்தான்.
ஒரு விரற்கடை தள்ளி நடப்பதைச் சொன்னால்
புருவத்தை உயர்த்துகிறார்கள்.

நானும் சில நாள் நம்புவதில்லை.
கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்து
நாக்கை ஒதுக்கிப் பார்க்கிறேன்.
ஒரு சின்னப் பள்ளம். இளஞ்சிவப்பு, வழுவழுப்பு,
குழந்தையின் குதிகால் நிறம்.
இதற்கா இவ்வளவு?

மாத்திரை: பத்து மில்லிகிராம், படுக்கும் முன்.
வாய் உலர்கிறது. எத்தியோப்பியக் காப்பியில்
வரவேண்டிய எலுமிச்சை வரவில்லை.
வலியும் ஒரு சுற்று மங்கியிருக்கிறது.
இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று
முதலாளியிடம் கேட்க முடியாது.

மூட்டை இறக்கும் தூஷான் மட்டும்
ஏன் என்று கேட்பதில்லை.
காலையில் கையுறையை மாட்டிக்கொண்டே
"இன்னைக்கு எத்தனை?" என்பான்.
ஐந்துக்கு மேல் சொன்னால்
என் கிண்ணங்களை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு
ஆறட்டும் என்று பக்கத்தில் நிற்பான்,
மருமகனின் சைக்கிள் திருடுபோன கதையை
மூன்றாம் முறையாகச் சொன்னபடி.

ராத்திரிகளுக்கு என்னிடம் இருப்பது
பழைய ருசிக் கரண்டி. வெள்ளி முலாம், குண்டு அடி.
ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கன்னத்தில் ஒற்றினால்
நூறு எண்ணும்வரை தாங்கும். திருப்பிப் பிடித்தால்
இன்னொரு முப்பது.

நேற்று பார்கோலா போகும் பேருந்து.
அதன் எண்ணும் முப்பத்தாறு. இந்த ஊருக்கு விவஸ்தையே இல்லை.
கடலோரச் சிமெண்டில் வயசானவர்கள்
முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு சீட்டாடினார்கள்.
கலங்கரை விளக்கம் தாண்டும்போது
ஏதோ குறைந்தது போலிருந்தது.
ஃபிரிட்ஜ் மோட்டார் நின்ற பிறகுதான்
இத்தனை நேரம் ஓடியது தெரியுமே, அப்படி.

நாக்கை அசைக்கவில்லை. எச்சில் விழுங்கவில்லை.
என் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது, மூடியது.
"சின்யோரா, இறங்கலையா?" என்றான் ஒரு பையன்.
பதில் சொன்னால் வாயைத் திறக்க வேண்டும்.
தலையை மட்டும் ஆட்டினேன்,
விளிம்புவரை நிரம்பிய கிண்ணத்தை
நகர்த்துவது போல.

டிக்கெட்டில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சமிருந்தது.